அட்டையில் இல்லாத வசனங்கள்: நம் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர் ஐயாமார்களுக்கும், சபைக் கமிட்டியாருக்கும், ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கியம், வாலிபர் கூட்டம் நடத்துகிற எல்லோருக்கும், பாலக்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஸ்தோத்திரம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துச் சபைகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். 2004ல் மாவட்டம் இரண்டானாலும் நமக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும், கன்வென்ஷனுக்கு வேன் பிடித்துப் போவதும் இன்னும் ஒன்றாகத்தான் நடக்கிறது. நான் எந்தச் சபை என்று தேடவேண்டாம். என் குறை எந்த ஒரு போதகர் மேலும் இல்லை. நாங்கள் தக்காளி போடுகிற குடும்பம். இரண்டு மாடு இருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேலாக ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். இதுதான் என் தகுதி.

சில வருஷங்களுக்கு முன் புத்தாண்டு ஆராதனையில் எங்கள் குடும்பத்துக்கு வந்த வாக்குத்தத்த அட்டை, அதாவது அந்த வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சடித்த அட்டை, "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்." வேதாகமத்தில் உபாகமம் 28:13. தங்க நிற எழுத்து, ஓரத்தில் ரோஜாப்பூ. காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினோம். அந்த வருஷம்தான் என் வீட்டுக்காரர் துணிந்து இன்னொரு ஏக்கருக்கும் சேர்த்து நாற்று விட்டார், அதற்குக் கடன் வாங்கினார். நானும் சரி என்றேன். அட்டை சொல்லிவிட்டதே! அறுவடை நேரத்தில் விலை விழுந்தது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை. பழம் செடியிலேயே வெடித்துக் கிடந்தது. குழுக் கடன் வசூலுக்கு வருகிறவர்கள் வாசல் திண்ணையில் உட்கார்ந்தால் பணம் வைத்தால்தான் எழுந்திருப்பார்கள். உள்ளே சுவரில் அந்த அட்டை.

ஒரு ராத்திரி தூக்கம் வராமல் அந்த அதிகாரத்தை எடுத்தேன். அதுவரை அந்த ஒரு வசனத்தைத்தான் தெரியும், அதுவும் பாதிதான். முழு வசனம், கர்த்தருடைய கட்டளைகளைக் கைக்கொண்டு நடந்தால் என்ற நிபந்தனையோடு இருக்கிறது. அட்டையில் அது இல்லை. இடம் பற்றவில்லையோ என்னவோ. ஆசீர்வாதம் 14ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. 15லிருந்து 68 வரை சாபம். 44ஆம் வசனத்தில் அப்படியே திருப்பிப் போடுகிறது: நீ கடன் வாங்குவாய், அந்நியன் தலையாவான், நீ வாலாவாய் என்று. எனக்குக் கை கால் விறைத்துப்போனது. அப்படியானால் நாங்கள் எந்தப் பக்கம்? என்ன பாவம் செய்தோம்?

விடிந்ததும் போய் ஒருவரிடம் கேட்டேன். "விசுவாசத்தோடு பிடித்துக்கொள்ளுங்கள் சகோதரி, கேள்வி கேட்டால் விசுவாசம் குறையும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஜெபம் பண்ணி அனுப்பினார். எனக்கு வேண்டியிருந்தது வேறு. யார் யாரிடம் சொன்ன வார்த்தை இது, எங்கே வைத்துச் சொன்னது, எனக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கூட உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அப்புறம் நானே முதல் அதிகாரத்திலிருந்து தொடங்கினேன். ஏழெட்டு வாரம் ஆனது. மோவாப் தேசத்தில், யோர்தானைத் தாண்டுவதற்கு முன் ஒரு ஜனத்தை நிற்க வைத்து மோசே பேசுகிற நீண்ட பேச்சு அது. தனி ஆள் ஒருவனின் தக்காளி விலைக்குச் சொன்னதல்ல. 24ஆம் அதிகாரத்துக்கு வந்தபோதுதான் புத்தகத்தை மூடிவைத்து அழுதேன். கடன் கொடுத்தவன் அடகு வாங்குவதற்காகக் கடன்பட்டவன் வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நிற்கவேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. அடகு கொடுத்தவன் ஏழையானால் அவன் போர்த்திப் படுக்கிற துணியைப் பொழுது போவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். 15ஆம் அதிகாரத்தில் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை கடனையே விட்டுவிடச் சொல்கிறது. "நீ கடன் கொடுப்பாய், கடன் வாங்கமாட்டாய்" என்பதும் அந்த 28ஆம் அதிகாரம்தான். ஆனால் கடன் கொடுக்கிறவன் எப்படி நடக்கவேண்டும் என்று முன்னாலேயே இவ்வளவு சொல்லிவிட்டுத்தான் அங்கே வருகிறது. திண்ணையில் ஆள் உட்கார்ந்திருக்கிற வீட்டில் இதை வாசித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். என் வாசலில் நடப்பது கடவுளுக்குத் தெரியும், அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடன் அடையவில்லை. அதை அடைக்க இன்னும் இரண்டு வருஷம் ஆனது. ஆனால் பயம் போய்விட்டது.

இவ்வளவும் அந்த அட்டைக்குப் பின்னால் இருந்தது, ஐயா. எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் தேடவில்லை.

தேடவில்லை என்று சொல்வது வாசிக்கவில்லை என்பதாகாது. வாசித்தேன். நிறைய வாசித்தேன். வருஷத்துக்குள் முழு வேதாகமத்தையும் முடித்தவர்களுக்கு டிசம்பர் கடைசியில் கொடுக்கிற பரிசை மூன்று தடவை வாங்கியிருக்கிறேன். ஒரு எவர்சில்வர் தூக்கு, ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு போர்வை. மொத்தம் 1189 அதிகாரம். தினமும் 3, ஞாயிற்றுக்கிழமை 5 என்று போனால் வருஷத்துக்குள் முடிந்துவிடும், கணக்குச் சரிதான். ஆனால் தக்காளி பறிப்புக் காலத்தில் பத்து நாள் விட்டுப்போகும். கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க அட்டவணையில் காலிக் கட்டங்கள் முறைக்கும். ஒரு வருஷம் எசேக்கியேல் 40 முதல் 48 வரை, அந்த ஆலயத்தின் அளவுகளை எல்லாம், களி கிண்டிக்கொண்டே ஒரே மூச்சில் ஓட்டினேன். நாளாகமத்தின் முதல் 9 அதிகாரத்துப் பெயர்களை எப்படி வாசித்தேன் என்று கேட்காதீர்கள். கண் போனது, விரல் போனது, டிக் விழுந்தது. பரிசு வாங்கும்போது சபையார் கை தட்டினார்கள். உபாகமம் 24ஐ அந்த மூன்று வருஷமும் வாசித்திருக்கிறேன் பாருங்கள், மூன்று டிக்கும் அட்டவணையில் இருக்கிறது. ஒரு வார்த்தை நினைவில் நிற்கவில்லை.

அதனால் முதல் விண்ணப்பம்: அந்தப் பரிசை நிறுத்துங்கள். நிறுத்த மனசில்லை என்றால் மாற்றுங்கள். ஒரு வருஷம் முழுக்க ஒரே ஒரு புத்தகத்தை, மாற்கையோ ரூத்தையோ யோனாவையோ, திரும்பத் திரும்ப வாசித்து அதில் தனக்கு எழுந்த கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வருகிறவருக்குக் கொடுங்கள். பதில் எழுதவேண்டாம், கேள்வி போதும். வாக்குத்தத்த அட்டையை நிறுத்தச் சொல்லமாட்டேன், சொன்னால் எங்கள் ஊர்க் கிழவிகள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஆனால் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது? "இந்த அதிகாரம் முழுவதையும் இந்த வாரம் வீட்டில் வாசியுங்கள்" என்று ஒரு வரி அச்சடிக்க எவ்வளவு ஆகப்போகிறது.

இப்போது நான் செய்வது இதுதான். விடியற்காலையில் மாட்டில் கை வைப்பதற்கு முன் இருபது நிமிஷம். திங்கள் முதல் சனி வரை ஒரே பகுதி. முதல் நாள் சும்மா வாசிப்பேன். இரண்டாம் நாள் வாய்விட்டு. மூன்றாம் நாளில்தான் கேள்வி வரத் தொடங்கும். ஐந்தாம் நாள் சலிப்பாக இருக்கும், அதையும் ஒளிக்கவில்லை. ஆனால் அந்தச் சலிப்புக்கு அடுத்த நாள்தான் பலமுறை ஏதோ ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. வீட்டுக்காரருக்கு வாசிக்கப் பொறுமை கிடையாது. செல்போனில் ஒலி வேதாகமத்தைப் போட்டுவிட்டுத் தண்ணீர் கட்டுவார். மடை மாற்றும்போது நிறுத்தி, "இப்ப என்ன சொன்னான்?" என்று என்னைக் கேட்பார். அதுவும் வேத ஆராய்ச்சிதான் என்பது என் கட்சி.

போன வருஷம் நாலைந்து பேர் சேர்ந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார ஆரம்பித்தோம். பிரசங்கம் கிடையாது, பாட்டு ஒன்று, ஜெபம் ஒன்று, மீதி நேரம் வாசிப்பும் பேச்சும். ரூத் மூன்றாம் அதிகாரம் வாசித்த அன்று நடந்ததைச் சொல்லவேண்டும். விதவையான ரூத், மாமியார் நகோமியோடு வந்து, போவாஸ் என்கிற நிலக்காரன் வயலில் கதிர் பொறுக்கிப் பிழைக்கிற கதை அது.

ஓசூரில் ஷிப்ட் வேலைக்குப் போகிற ஒரு பையன், லீவில் வந்திருந்தான். வாசித்துக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். "போவாஸ் பெரிய ஆளுதானே? அவன் ஏன் ராத்திரியில களத்துல வேலை செய்யறான்? அம்பாரத்து அடியில படுத்துக்கிட்டான்னு வேற இருக்கு, அம்பாரம்னா என்ன, யானை மேல இருக்குமே அதுவா?" எல்லோரும் சிரித்தோம். ஆனால் எனக்கும் முதல் கேள்விக்குப் பதில் தெரியாது. இருபது வருஷமாக ரூத் கதையைப் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். ராத்திரி ஏன் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

மூலையில் ஆயா ஒருவர், எழுத்து வாசனையே இல்லாதவர், வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். "அட, அம்பாரம்னா குமிச்சு வெச்ச தானியம்டா. காத்து பொழுது சாயறப்பதான் கெளம்பும். மத்தியானம் தூத்தினா பதரு எங்க போவும், உன் மூஞ்சியிலதான் வுழும்" என்றார். அப்புறம் உலக்கையை நிறுத்தி, "நாங்களும் கேவுரு அடிச்சு களத்துலதான் படுப்போம். உட்டுட்டு ஊட்டுக்குப் போனா விடியறப்ப பாதி இருக்காது. அவன் ஆள் அம்பு வெச்சிருக்கறவன், ஆளைப் படுக்கச் சொல்லியிருக்கலாம். தானே வந்து படுத்தான் பாரு. அவன் குடியானவன்" என்றார்.

திண்ணையில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அந்தப் பையன் செல்போனைக் கீழே வைத்துவிட்டான். ஆயாவே தொடர்ந்தார். "நம்ம பொண்ணுங்க கடலை புடுங்கின காட்டுல மண்ணைக் கிளறி, தப்பின காய் பொறுக்கப் போவாளுங்க இல்ல? காட்டுக்காரன் சில பேரு கல்லு எடுத்து அடிப்பான். சில பேரு பாத்தும் பாக்காத மாதிரி போவான். இவன் இன்னும் கொஞ்சம் சிந்திட்டுப் போங்கடான்னு சொன்னவன்." இரண்டாம் அதிகாரத்தில் போவாஸ் தன் வேலைக்காரரிடம் சொல்வது அதேதான், வேண்டுமென்றே சில கதிர் அரிகளை ரூத்துக்காகச் சிந்தவிடச் சொல்கிறான். போன வாரம் நாங்கள் வாசித்ததை அவர் காதால் கேட்டே பிடித்து வைத்திருக்கிறார்.

ஐயா, அந்த ஆயா நாற்பது வருஷமாகச் சபைக்கு வருகிறவர். ஒருநாளும் யாரும் அவரிடம் ஒரு வசனத்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்டதில்லை. பாய் விரிப்பார், பெருக்குவார், உபவாச ஜெபத்துக்குக் கஞ்சி காய்ச்சுவார். வேதத்தில் வருகிற களமும் நுகமும் மேய்ச்சலும் கிணற்றடியும் யாருக்குக் கைப்பழக்கமோ அவர்கள் பின்வரிசையில் வாய் மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் நிற்கிற நாங்கள் புத்தகத்தைப் பார்த்து விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மொழி விஷயமும் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு 23ஆம் சங்கீதம் சொல்லிக்கொடுத்துவிட்டு, "நான் தாழ்ச்சியடையேன்" என்றால் என்ன என்று கேட்டேன். "பரீட்சையில ரேங்க் குறையாது டீச்சர்" என்றாள் ஒருத்தி. ஒருவன் "பள்ளத்துல விழமாட்டேன்" என்றான். இரண்டும் அழகான பதில்தான், ஆனால் வசனம் சொல்வது அதுவல்ல. திருவிவிலியத்தில் அதே இடம், "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை." குறையில்லை என்றதும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது, ஆட்டுக்குப் புல்லும் தண்ணியும் இருக்கு என்று. 1995ல் வந்த அந்த மொழிபெயர்ப்பைக் கத்தோலிக்கரும் நம்மவர்களும் சேர்ந்துதான் செய்தார்கள். ஆனாலும் அதைக் கையில் எடுத்தால் "அது அவங்க பைபிள்" என்று முகம் சுளிக்கிறவர்கள் நம்மில் உண்டு. பழைய மொழிபெயர்ப்பை விடச் சொல்லவில்லை. எனக்கு மனப்பாடமாக இருப்பதெல்லாம் அதுதான், சாகும்போது காதில் ஓதவேண்டியதும் அதுதான். ஆனால் அது 19ஆம் நூற்றாண்டுத் தமிழ். 1715ல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் அச்சடித்த புதிய ஏற்பாட்டின் தமிழை அப்படியே வைத்துக்கொள்ளாமல் பெரியவர்கள் திரும்பத் திரும்ப மொழிபெயர்த்தார்களே, ஜனங்களுக்குப் புரியவேண்டும் என்றுதானே? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் ஒன்று மூடினதை இன்னொன்று திறக்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்துச் சபைகளுக்கு இன்னும் ஒரு வசதி இருக்கிறது. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் அங்கே எத்தனை பேர்! அவர்கள் தங்கள் பாஷைப் புத்தகத்தையும் கொண்டுவந்து, "எங்களுதுல இப்படி இருக்கு" என்று சொல்ல ஆரம்பித்தால் அந்தக் கூட்டம் எப்படி இருக்கும்!

நிருபங்களை, அதாவது பவுல் சபைகளுக்கு எழுதின கடிதங்களைப் பற்றி ஒன்று. அவர் எழுதினபோது அதில் அதிகாரமும் இல்லை, வசன எண்ணும் இல்லை. அதிகாரம் பிரித்தது 13ஆம் நூற்றாண்டில். புதிய ஏற்பாட்டுக்கு இன்றுள்ள வசன எண் வந்தது 1551ல், ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் வழியாக. கடிதம் என்றால் கடிதம்போல ஒரே தடவையில் வாசிக்கவேண்டாமா? பிலிப்பியருக்கு எழுதினதை ஒருநாள் திண்ணையில் தொடக்கம் முதல் கடைசி வரை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டோம். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. சிறையில் இருக்கிற ஒரு மனுஷன், தனக்குப் பணம் அனுப்பினவர்களுக்கு நன்றி சொல்லி எழுதுகிறார். நடுவில் சாகப் பிழைக்கக் கிடந்து எழுந்த நண்பனைப் பற்றிச் சொல்கிறார். எயோதியாளும் சிந்திகேயாளும் சண்டையை விட்டு ஒரே சிந்தையாக இருக்கட்டும் என்று பேர் சொல்லிக் கேட்கிறார். எங்கள் பெண்கள் ஐக்கியத்து அக்காமார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற வசனத்தைப் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு ஹால் டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுக்கிறோம். அது இந்தக் கடிதத்தின் கடைசியில் வருகிறது. அதற்கு முந்தின வசனம், "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்." பட்டினியாய் இருக்கவும் கற்றுக்கொண்டேன் என்கிறார். பாஸ் பண்ணுகிற பெலன் அல்ல அது, ஃபெயில் ஆனாலும் ஒடிந்துபோகாத பெலன். 2023 ஜூலையில் கடையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டின தக்காளியையும், மாட்டுக்குக் கொட்டின தக்காளியையும் பார்த்த எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர், "இந்த ஆளு ராயக்கோட்டை மண்டிக்கு வந்திருப்பான்போல" என்றார்.

சிலர் சொல்வது எனக்குத் தெரியும். ஆளாளுக்குக் கேள்வி கேட்டு ஆளாளுக்கு அர்த்தம் சொன்னால் துர்உபதேசம் நுழைந்துவிடும் என்பார்கள். பயம் நியாயம்தான். எங்கள் திண்ணையிலும் ஒருவர் வெளிப்படுத்தின விசேஷத்தை எடுத்துக்கொண்டு ரேஷன் கார்டு வரைக்கும் போய்விட்டார், இழுத்துக்கொண்டு வர இரண்டு வாரம் ஆனது. ஆனால் அவர் அதைத் திண்ணையில் சொன்னதால்தான் இழுக்க முடிந்தது. மனசுக்குள்ளேயே வைத்திருந்தால்? பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே "காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்துபார்த்ததினால்" நற்குணசாலிகள் என்று பேர் வாங்கினார்கள். பவுல் கோபித்துக்கொண்டதாக எங்கும் இல்லை.

உங்கள் கஷ்டமும் தெரியாமல் எழுதவில்லை. ஒரே போதகர் நாலைந்து கிராமத்தைப் பார்க்கிறீர்கள். சாவு, கல்யாணம், ஆஸ்பத்திரி, கமிட்டிச் சண்டை, பெட்ரோல் செலவு. அதனால் இன்னொரு கூட்டத்தை உங்கள் தலையில் கட்டவில்லை. நான் கேட்பது, இருக்கிற வாரநாள் கூட்டங்களில் ஒன்றில் பிரசங்கத்தை விட்டுவிட்டு நீங்களும் பெஞ்சில் உட்காருங்கள் என்பதுதான். ஒருவர் வாசிக்கட்டும். வாசித்தபின் கொஞ்ச நேரம் யாரும் பேசவேண்டாம். அப்புறம் முதல் கேள்வி வாசிக்கத் தெரியாதவரிடமிருந்து வரட்டும். உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால், "தெரியல, பாத்துட்டு அடுத்த வாரம் சொல்றேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையைப் போதகர் வாயிலிருந்து கேட்டால் வீட்டில் புத்தகத்தைத் திறக்கிறவர்கள் எங்கள் ஊரில் இன்னும் பத்துப் பேராவது இருப்பார்கள். எனக்கு அன்று வேண்டியிருந்ததும் அந்த வார்த்தைதான்.

புதன்கிழமை சாயங்காலம் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு ஏழு மணிக்கு உட்காருகிறோம். யார் வந்தாலும் இடம் இருக்கிறது, காபி உண்டு, ஆயா இருந்தால் வெற்றிலையும் உண்டு. ரூத்தை முடித்துவிட்டோம். ஆனால் ஆயா ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். நகோமிக்கு இரண்டு மருமகள், ஒருத்தி கதைதான் புத்தகம் முழுக்க இருக்கிறது. அழுதுகொண்டே முத்தம் கொடுத்துவிட்டுத் தாய்வீட்டுக்குத் திரும்பிப்போனாளே ஒர்பாள், அவளும் சின்ன வயசில் தாலி அறுத்தவள்தானே, அவள் அப்புறம் என்ன ஆனாள், அவளைக் கர்த்தர் பார்த்துக்கொண்டாரா என்று கேட்கிறார். எங்களுக்குத் தெரியவில்லை. உங்களில் யாராவது வந்தால் கேட்கலாம் என்று வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பாலக்கோட்டுப் பக்கத்து ஞாயிறு பள்ளி டீச்சர் ஒருத்தி